நாய் உங்களை இழுத்துக்கொண்டு போகிறதா? 'ஹெட் ஹால்டர்' மாட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

காலை 6 மணி இருக்கும். எங்கள் தெருமுனையில் நின்றிருந்த ஆட்டோவுக்கு அடியிலிருந்து ஒரு பூனை வெளியே வந்தது. அவ்வளவுதான். அடுத்த நொடி லட்டு பாய்ந்துவிட்டான். கயிறு நழுவிவிடக் கூடாது என்று அதைக் கையில் மூன்று சுற்று சுற்றிப் பிடித்திருந்த அம்மா, தார்ச் சாலையில் விழுந்து கிடந்தார். வலது கை மோதிர விரலில் எலும்பு முறிவு. இரண்டு முழங்காலிலும் சிராய்ப்பு.

லட்டு எங்கள் வீட்டு லாப்ரடார். மூன்று வயது, 31 கிலோ. யாரையும் கடித்ததில்லை. வாசலில் பால்காரர் வந்தால்கூட வாலை ஆட்டிக்கொண்டு போய் நிற்பான். ஆனால் வெளியே நடக்கக் கூட்டிப்போனால், யார் யாரைக் கூட்டிப்போகிறார்கள் என்று பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

விரலில் கட்டுப் போட்டு வந்த அன்று சாயங்காலமே சொந்தக்காரர்கள் போனில் ஆரம்பித்துவிட்டார்கள். "தோட்டம் வச்சிருக்கவங்க யார்கிட்டயாவது கொடுத்துடுங்க. அதுக்கும் ஓட இடம் இருக்கும், உங்களுக்கும் நிம்மதி." வழக்கமாக இப்படி யாராவது சொன்னால் அம்மா சண்டைக்குப் போவார். அன்று ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இழுக்கிற நாயை வைத்துக்கொண்டு இப்படி ஒரு முடிவுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் வீடுகள் நிறைய இருக்கும். அந்த முடிவை எடுப்பதற்கு முன்னால் முயற்சி செய்து பார்க்க வேண்டிய கருவி ஒன்று இருக்கிறது. அதன் பெயர் ஹெட் ஹால்டர். அது எப்படி வேலை செய்கிறது, யாருக்குச் சரிப்படாது, எப்படி மாட்ட வேண்டும், எங்கே தப்பு நடக்கும்? எல்லாவற்றையும் பார்க்கலாம். இதில் பல தப்புகளை நாங்களே செய்து தெரிந்துகொண்டோம்.

விழுந்தது அம்மா மட்டும் அல்ல

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நாயைக் கயிற்றில் பிடித்து நடக்கும்போது அடிபட்டு, அந்த நாட்டில் மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவர்களைப் பற்றியது அது. 2001 முதல் 2020 வரை அப்படி வந்த பெரியவர்களின் எண்ணிக்கை 4 லட்சத்து 22 ஆயிரத்துக்கும் மேல் என்று மதிப்பிட்டார்கள். அதில் நான்கில் மூன்று பேர் பெண்கள். அதிகம் பதிவான மூன்று காயங்கள்: விரல் எலும்பு முறிவு, தலையில் அடிபட்டு மூளை பாதிக்கப்படுவது, தோள்பட்டை சுளுக்கு.

விரல் ஏன் முதலில் உடைகிறது என்பதற்கு எங்கள் வீட்டிலேயே பதில் இருந்தது. கயிற்றைக் கையிலோ விரலிலோ சுற்றிக்கொள்வதுதான். பிடி உறுதியாக இருக்கும் என்று நினைத்துச் செய்கிறோம். நாய் பாயும்போது அந்தச் சுற்று இறுகும். விட நினைத்தாலும் விட முடியாது. இந்தக் கட்டுரையில் வேறு எதையும் நீங்கள் எடுத்துக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை, நாளை காலையிலிருந்து கயிற்றைக் கையில் சுற்றாதீர்கள். கயிற்றின் முனையில் இருக்கும் வளையத்துக்குள் கட்டைவிரலை மட்டும் நுழைத்து, மீதிக் கயிற்றை மடித்து உள்ளங்கையில் பிடியுங்கள்.

நாய் ஏன் இழுக்கிறது?

"அது உங்களை அடக்கப் பார்க்குது, இடம் கொடுத்துட்டீங்க" என்று சிலர் சொல்வார்கள். காரணம் அதைவிட ரொம்பச் சாதாரணமானது.

நாயின் இயல்பான நடை வேகம் நம்முடையதைவிட அதிகம். தெருவில் ஒவ்வொரு மின்கம்பமும், ஒவ்வொரு டயரும் அதற்கு ஒரு செய்தித்தாள் மாதிரி. நின்று மோந்து படிக்க வேண்டும். அந்த இடத்துக்குப் போக வேண்டும் என்று இழுக்கிறது. நாமும் "சரி சரி வா" என்று பின்னாலேயே போகிறோம். இழுத்தால் போய்ச் சேரலாம் என்று அது கற்றுக்கொள்கிறது. ஒரு வருடம் தினமும் இரண்டு வேளை இப்படிப் பயிற்சி கொடுத்துவிட்டு, நாய் இழுக்கிறதே என்று கவலைப்படுகிறோம்.

இன்னொன்று, உடலில் ஓர் இடத்தில் அழுத்தம் விழுந்தால் அதை எதிர்த்துத் தள்ளுவது நாய்களிடம் பொதுவாகக் காணப்படும் பழக்கம். நாம் பின்னால் இழுக்க இழுக்க அது முன்னால் சாயும். கழுத்து பெல்ட்டில் (காலர் என்பதை நம் ஊரில் பெல்ட் என்றுதானே சொல்கிறோம்) இப்படி இழுத்தால் மூச்சுக்குழாய் அழுந்தி, கர் கர் என்று சத்தம் வரும். முதுகில் கொக்கி இருக்கும் ஹார்னெஸ் போட்டால் கழுத்துக்கு நல்லது. ஆனால் அழுத்தம் மார்பு முழுக்கப் பரவிவிடுவதால் இன்னும் வசதியாக இழுக்கும். பனியில் சறுக்குவண்டி இழுக்கும் நாய்களுக்கும் மார்பில்தான் பட்டை கட்டுகிறார்கள்.

ஹெட் ஹால்டர் என்றால் என்ன?

குதிரையின் முகத்தில் வாய்க்குள் இரும்பு எதுவும் இல்லாமல் ஒரு பட்டை மாட்டியிருப்பார்கள், கவனித்திருக்கிறீர்களா? அதன் சின்ன வடிவம்தான் இது. ஒரு பட்டை காதுகளுக்குப் பின்னால் கழுத்தின் உச்சியில் இருக்கும். இன்னொரு பட்டை வளையம் போல மூக்குத்தண்டைச் சுற்றி வரும். கயிறு தாடைக்குக் கீழே இருக்கும் வளையத்தில் மாட்டப்படும்.

நாயின் பலம் அதன் மார்பிலும் கழுத்திலும் இருக்கிறது. முகத்தில் அவ்வளவு பலம் கிடையாது. ஹால்டர் மாட்டிய நாய் முன்னால் பாய்ந்தால், கயிறு அதன் முகத்தை நம் பக்கமாகத் திருப்பிவிடும். முகம் திரும்பினால் உடம்பும் திரும்பும். நேராக முழு பலத்தோடு இழுக்க முடியாது. 31 கிலோ நாயை 52 கிலோ அம்மா பிடித்து நிறுத்துவது இதனால்தான் சாத்தியமாகிறது.

ஊரில் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துச் சின்னப் பையன்கூடக் காளையை ஓட்டிப்போவதைப் பார்த்திருப்போம். 'தலையைப் பிடித்தால் உடம்பு வரும்' என்ற கணக்கு இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் மூக்கணாங்கயிறு மூக்கைத் துளைத்துப் போடப்படுவது, வலியால் வேலை செய்வது. ஹால்டர் எதையும் துளைப்பதில்லை. சரியாக மாட்டினால், சரியாகப் பிடித்தால், வலிக்கவும் கூடாது.

இந்தக் கருவியில் இரண்டு பெயர்களை அதிகம் கேள்விப்படுவீர்கள். ஒன்று 'ஜென்டில் லீடர்'. 1980-களில் மின்னசோட்டா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர் ராபர்ட் ஆண்டர்சன், நாய்ப் பயிற்சியாளர் ரூத் ஃபாஸ்டருடன் சேர்ந்து உருவாக்கியது. இன்னொன்று பிரிட்டனைச் சேர்ந்த விலங்கு நடத்தை நிபுணர் ரோஜர் மக்ஃபோர்டு உருவாக்கிய 'ஹல்டி'. இதில் கன்னத்தின் பக்கவாட்டிலும் பட்டை உண்டு. இப்போது இந்த இரண்டு வடிவங்களையும் ஒட்டிப் பல நிறுவனங்கள் தயாரிக்கின்றன.

இது வாய்மூடி இல்லையா?

இல்லை. தெருவில் எங்களை அதிகம் பேர் கேட்ட கேள்வி இதுதான்: "ஏம்மா, கடிக்குமா?"

ஹால்டர் போட்ட நாயால் வாயைத் திறக்க முடியும். மூச்சிரைக்கலாம், தண்ணீர் குடிக்கலாம், சாப்பிடலாம், குரைக்கலாம், பந்து கவ்வலாம். அதாவது கடிக்கவும் முடியும். 2024 மே மாதம் சென்னையில் ஒரு மாநகராட்சிப் பூங்காவில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறிய பிறகு, பொது இடத்தில் நாய்களுக்கு வாய்மூடி போடுவது பற்றிய பேச்சு அதிகமானது. உங்கள் ஊரில், உங்கள் குடியிருப்பில் வாய்மூடி கட்டாயம் என்றால், ஹால்டரைக் காட்டி "இதுவும் அதுதான் சார்" என்று சொல்லிவிட முடியாது. கடிக்கிற பழக்கம் உள்ள நாய்க்கு இது தீர்வும் இல்லை. அதற்குக் கால்நடை மருத்துவரையோ நாய் நடத்தை தெரிந்த பயிற்சியாளரையோதான் பார்க்க வேண்டும்.

எந்த நாய்க்குச் சரிப்படாது?

* மூக்கு தட்டையான நாய்கள்: பக், ஷிட்சு, புல்டாக் மாதிரி. ஹட்ச் விளம்பரத்தில் பார்த்த அந்தப் பக் முகத்தை நினைத்துப் பாருங்கள். வளையம் உட்கார மூக்குத்தண்டே இல்லை. கண்ணில்தான் போய் உரசும். ஏற்கெனவே மூச்சு விடச் சிரமப்படும் இனங்கள் இவை. ஹார்னெஸ் போதும்.

* கழுத்து எலும்பு, முதுகெலும்பு, கண், மூக்குப் பகுதியில் பிரச்சினை உள்ள நாய்கள்: மருத்துவரைக் கேட்காமல் மாட்ட வேண்டாம்.

* சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்கள்: தலை குறுகலானது என்பதால் பின்னால் நகர்ந்து உருவிக்கொள்ள வாய்ப்பு அதிகம். நொடியில் முழு வேகம் எடுப்பவை என்பதால் கயிறு முடியும் இடத்தில் கழுத்து வெட்டி இழுக்கப்படும் ஆபத்தும் உண்டு. ரொம்ப கவனம் வேண்டும்.

* முகத்தைத் தொட்டாலே பயப்படுகிற நாய்கள்: மீட்டு வளர்க்கப்படும் தெரு நாய்களில் சிலவற்றுக்கு இந்தப் பயம் இருக்கும். வற்புறுத்த வேண்டாம். மார்பின் முன்பக்கம் கொக்கி உள்ள ஹார்னெஸ் நல்ல மாற்று. இழுத்தால் உடம்பு பக்கவாட்டில் திரும்பும், முகத்தில் எதுவும் இருக்காது.

எங்கள் முதல் நாள்: செய்யக் கூடாததெல்லாம் செய்தோம்

அம்மாவுக்கு அடிபட்ட வாரமே ஆன்லைனில் ஹால்டர் வாங்கிவிட்டேன். பார்சலைப் பிரித்தேன், மாட்டினேன், நேராகத் தெருவுக்குக் கூட்டிப்போனேன். பத்து அடிகூட நடக்கவில்லை. லட்டு முன்னங்காலால் மூக்கைச் சுரண்டினான். தரையில் முகத்தைத் தேய்த்தான். பிறகு நடுத்தெருவில் படுத்துவிட்டான். எதிர் வீட்டு மாடியிலிருந்து ஒருவர், "பாவம்ப்பா, கழட்டி விடு" என்றார். கழற்றினேன். ஹால்டர் இரண்டு வாரம் டிராயரில் கிடந்தது.

பிறகு தடுப்பூசிக்குப் போனபோது கால்நடை மருத்துவரிடம் "இது இவனுக்கு செட் ஆகல டாக்டர்" என்றேன். அவர் கேட்ட ஒரே கேள்வி: "எத்தனை நாள் பழக்குனீங்க?"

அங்கேதான் விஷயமே இருக்கிறது. ஹால்டர் மாட்டுவது ஐந்து நிமிட வேலை. அதை நாய் ஏற்றுக்கொள்வது ஒரு வாரத்து வேலை, சில நாய்களுக்கு மூன்று வாரம்கூட ஆகும். கண்ணாடி போடாதவர் முதல்முறை போட்டால் மூக்கு எப்படி உறுத்துமோ, அப்படித்தான் நாய்க்கும். அதுவும் எதற்கு என்றே சொல்லாமல் மாட்டிவிட்டால்?

சரியாகப் பொருத்துவது எப்படி?

நினைவில் வைக்க ஒரு வரி போதும்: கழுத்தில் இறுக்கம், மூக்கில் தளர்வு. நாம் செய்வது பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக இருக்கும். பாவம் என்று கழுத்துப் பட்டையைத் தளர்வாக விட்டுவிட்டு, கழன்றுவிடும் என்று மூக்கு வளையத்தை இறுக்குவோம்.

1. கழுத்துப் பட்டை முதலில். மூக்கு வளையத்தை விட்டுவிட்டு இதை மட்டும் மாட்டிப் பாருங்கள். சாதாரண பெல்ட் இருக்கும் இடத்தில் இது இருக்கக் கூடாது. அதைவிட மேலே, காதுகளுக்கு ஒட்டிப் பின்னால், முன்பக்கம் தொண்டை மேட்டுக்கு மேலே இருக்க வேண்டும். பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு விரல் மட்டும் நுழைய வேண்டும். பிடித்துத் திருப்பினால் சுற்றி வரக் கூடாது. மேலே இருப்பதால்தான் இவ்வளவு இறுக்கம் சரி; அதே இறுக்கத்தோடு கீழே இறங்கினால் தொண்டையை அழுத்தும்.

2. மூக்கு வளையம். ஓய்வாக இருக்கும்போது இது கண்ணுக்குக் கீழே, வாயின் ஓரங்களுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். விரலால் முன்னால் தள்ளினால் மூக்கின் நுனியில் ரோமம் முடிந்து கறுப்புத் தோல் தொடங்கும் இடம்வரை நகரலாம். அதைத் தாண்டிக் கழன்று வரக் கூடாது. பின்னால் தள்ளினால் கண்ணைத் தொடக் கூடாது.

3. பக்கவாட்டில் நின்று பாருங்கள். ஜென்டில் லீடர் வகையில் இரண்டு பட்டைகளும் சேர்ந்து, ஆங்கில 'வி' எழுத்தைப் படுக்க வைத்தது போலத் தெரிய வேண்டும். கழுத்துப் பட்டை செங்குத்தாக, மூக்குப் பட்டை கிடைமட்டமாக. ஹல்டி வகையில் கன்னப் பட்டை கண்ணை நோக்கி ஏறாமல் இருக்க வேண்டும். ஒவ்வொரு வகைக்கும் பொருத்தும் முறை கொஞ்சம் மாறும் என்பதால் உறையில் உள்ள படத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

4. வாய்ச் சோதனை. ஒரு தின்பண்டம் கொடுங்கள். தாராளமாக வாயைத் திறந்து மென்று விழுங்குகிறதா? நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைக்க முடிகிறதா? நம் ஊர் வெயிலுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. நமக்கு வியர்ப்பது போல நாய்க்கு உடம்பு முழுக்க வியர்க்காது. முக்கியமாக மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைக் குறைக்கிறது. மூக்கு வளையம் இறுக்கமாக இருந்து வாய் திறக்க முடியாமல் போனால், மே மாதத்தில் அது உயிருக்கே ஆபத்து.

அளவு வாங்கும்போது இனத்தின் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். டேப் எடுத்து, காதுக்குப் பின்னால் கழுத்தின் சுற்றளவையும், மூக்குத்தண்டின் சுற்றளவையும் அளந்து, தயாரிப்பாளரின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். வளரும் குட்டி என்றால் வாரம் ஒருமுறை பொருத்தத்தைச் சரிபார்க்க வேண்டும்.

பழக்குவது: அவசரப்படாத ஒரு வாரம்

தேவையானவை: ஹால்டர், பட்டாணி அளவுக்கு நறுக்கிய வேகவைத்த சிக்கன் அல்லது பனீர், தினமும் இரண்டு அல்லது மூன்று முறை ஐந்து நிமிடம். வீட்டுக்குள், சத்தம் இல்லாத இடத்தில். (திராட்சை, சாக்லேட், வெங்காயம் நாய்க்கு நஞ்சு. பரிசாகக்கூடக் கொடுக்காதீர்கள்.)

நாள் 1: அறிமுகம். ஹால்டரைக் கையில் காட்டுங்கள். மோந்து பார்த்தால் சிக்கன். ஹால்டரை மறைத்தால் சிக்கனும் நிற்கும். இந்த இரண்டும் சேர்ந்தே வரும் என்று அது புரிந்துகொள்ளட்டும்.

நாள் 2: தானாக மூக்கை நுழைக்கட்டும். மூக்கு வளையத்தை ஒரு கையில் விரித்துப் பிடித்து, மறுபக்கத்தில் சிக்கனை வையுங்கள். அதை எடுக்க மூக்கை வளையத்துக்குள் விட வேண்டும். நீங்கள் வளையத்தை மூக்கில் கொண்டுபோய் மாட்டாதீர்கள். அதுவாக வரட்டும்.

நாள் 3: கொஞ்சம் நேரம் கூட்டுங்கள். மூக்கு உள்ளே இருக்கும்போதே இரண்டு நொடி, ஐந்து நொடி, பத்து நொடி என்று சின்னச் சின்னத் துண்டுகளாகத் தொடர்ந்து கொடுங்கள்.

நாள் 4: கொக்கி போடுங்கள். மூக்கை நுழைத்ததும் கழுத்துப் பட்டையை மாட்டி, உடனே நாலைந்து துண்டு கொடுத்து, கழற்றிவிடுங்கள். மொத்தமே பத்து நொடிதான்.

நாள் 5: மாட்டியபடி சாப்பாடு. வழக்கமான சாப்பாட்டை ஹால்டரோடு சாப்பிடட்டும். சாப்பிட்டு முடித்ததும் கழற்றுங்கள்.

நாள் 6: வீட்டுக்குள் நடை. கயிற்றை மாட்டி, கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே நடங்கள். இரண்டு அடிக்கு ஒரு துண்டு.

நாள் 7: வாசல்வரை. மாடிப்படி, பார்க்கிங், கேட். அங்கிருந்தே திரும்பி வாருங்கள். தெருவுக்கு நாளைக்குப் போகலாம்.

இடையில் காலால் சுரண்டினால்? திட்ட வேண்டாம், பதறிப்போய்க் கழற்றவும் வேண்டாம். சுரண்டும்போதே கழற்றினால் 'சுரண்டினால் கழன்றுவிடும்' என்று கற்றுக்கொள்ளும். பெயர் சொல்லிக் கூப்பிட்டு இரண்டு அடி நடக்க வையுங்கள். சுரண்டலை நிறுத்திய நொடியில் சிக்கன் கொடுத்துவிட்டுக் கழற்றுங்கள். ஆனால் நாய் பயந்து நடுங்கினாலோ, உறைந்துபோய் நின்றாலோ அது அடம் இல்லை. நீங்கள் வேகமாகப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம். உடனே கழற்றிவிட்டு, அடுத்த முறை முந்தைய நாளின் பாடத்திலிருந்து தொடங்குங்கள். லட்டுவுக்கு நான்காம் நாள் பாடத்தை மூன்று நாள் செய்தோம். முதல் நாள் நான் கிளப்பிவிட்ட பயத்தைச் சரிசெய்யவே அத்தனை நாள் ஆனது.

தெருவில் நடக்கும்போது

இரண்டு கயிறு பிடியுங்கள். ஒன்று ஹால்டரில், ஒன்று பெல்ட்டிலோ ஹார்னெஸிலோ. இரண்டு முனையிலும் கொக்கி உள்ள கயிறுகளும் கிடைக்கின்றன. ஹால்டர் கழன்றாலும் நாய் உங்கள் கையில்தான் இருக்கும். நம் தெருக்களில் எப்போது எந்த நாய் துரத்தும், எந்த வீட்டு வாசலில் சரவெடி வெடிக்கும் என்று தெரியாது என்பதால் இது ரொம்ப முக்கியம்.

கயிறு கொஞ்சம் தொய்வாக இருக்கட்டும். எப்போதும் விறைப்பாகப் பிடித்திருந்தால் முகத்தில் எந்நேரமும் அழுத்தம் இருக்கும். நாய்க்கு எது சரி, எது தப்பு என்றே தெரியாமல் போகும். இழுத்தால் அழுத்தம், இழுக்காவிட்டால் சுகம். இந்த வித்தியாசம் தெரிந்தால்தான் அது கற்றுக்கொள்ளும்.

இழுத்தால் நில்லுங்கள். நீங்கள் பின்னால் இழுக்க வேண்டாம். மரம் மாதிரி நில்லுங்கள். கயிறு தொய்ந்ததும் நடங்கள். உங்கள் காலுக்குப் பக்கத்தில் வந்தால் அங்கேயே, உங்கள் கால் ஓரத்திலேயே பரிசு கொடுங்கள்.

திருப்ப வேண்டுமானால் மெதுவாக. எதிரே இன்னொரு நாய் வந்து இரண்டும் முறைத்துக்கொண்டால், கையைச் சுண்டாமல், நீங்கள் திரும்பி நடங்கள். முகம் உங்கள் பக்கம் வரும். பார்வை விலகினால் பாதிச் சண்டை முடிந்தது.

மோந்து பார்க்க விடுங்கள். நன்றாக நடந்ததற்கு மிகப்பெரிய பரிசு அந்த மின்கம்பம்தான். "போய்ப் பாரு" என்று சொல்லி அனுப்புங்கள்.

வெயில் காலத்தில் நேரமும் முக்கியம். புறங்கையைத் தார்ச் சாலையில் ஏழு நொடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும்.

கண்டிப்பாகச் செய்யக் கூடாதவை

* வெடுக்கென்று சுண்டி இழுக்காதீர்கள். பெல்ட்டில் நாம் பழகிய பழக்கம் இது. ஹால்டரில் செய்தால் தலை சட்டென்று திரும்பி, கழுத்தில் அடிபடலாம்.
* நீளும் கயிறு வேண்டாம். பட்டனை அழுத்தினால் நீளுமே, அந்த வகையோ, நீளமான பயிற்சிக் கயிறோ ஹால்டருக்கு ஆகாது. நாய் ஓடி வேகம் எடுத்துவிட்டு, கயிறு முடியும் இடத்தில் தலை மட்டும் நின்றுவிடும்.
* ஹால்டரில் கட்டிப்போடாதீர்கள். கடை வாசலில் இரண்டு நிமிடம் என்றாலும் வேண்டாம்.
* வீட்டுக்கு வந்ததும் கழற்றுங்கள். நாள் முழுக்கப் போட்டுவிடக் கூடாது. எங்காவது மாட்டிக்கொள்ளும், கடித்தும் துண்டாக்கிவிடும்.
* ஜாகிங், சைக்கிள், பைக் ஓட்டிக்கொண்டே நாயைக் கூட்டிப்போவது இதோடு கூடவே கூடாது.
* வாரம் ஒருமுறை மூக்குத்தண்டைப் பாருங்கள். ரோமம் உதிர்ந்திருந்தாலோ தோல் சிவந்திருந்தாலோ பொருத்தம் தப்பு, அல்லது நீங்கள் எப்போதும் விறைப்பாகப் பிடிக்கிறீர்கள்.

இது கொடுமை இல்லையா?

நியாயமான கேள்வி. பயிற்சியாளர்களிலேயே இதை விரும்பாதவர்கள் இருக்கிறார்கள். ஹெட் ஹால்டரையும் சாதாரண பெல்ட்டையும் ஒப்பிட்டு 1998-ல் வெளியான ஓர் ஆய்வில், இதயத் துடிப்பு, மன அழுத்த ஹார்மோன் போன்ற அளவுகளில் இரண்டுக்கும் குறிப்பிடும்படியான வித்தியாசம் தெரியவில்லை. அதே நேரம், ஹால்டர் போட்ட நாய்கள் மூக்கைக் காலால் சுரண்டுவதும் அதில் பதிவானது. உடம்பளவில் பெரிய பாதிப்பு தெரியவில்லை என்றாலும் பல நாய்களுக்கு இது முதலில் பிடிப்பதில்லை. இரண்டும் உண்மைதான். அந்தப் 'பிடிக்கவில்லை'யைக் குறைக்கத்தான் ஒரு வாரப் பழக்கம்.

கழுத்தை நெரிக்கும் சங்கிலி, முள் பெல்ட், கரன்ட் பெல்ட் இவற்றோடு இதைச் சேர்க்கவும் முடியாது. அவை வலியையோ அந்த வலியின் பயத்தையோ வைத்து வேலை செய்பவை. அமெரிக்கக் கால்நடை விலங்கு நடத்தை சங்கம் 2021-ல் வெளியிட்ட நிலைப்பாட்டில், எல்லா நாய்களுக்கும் பரிசு கொடுத்துப் பழக்கும் முறையையே பரிந்துரைத்திருக்கிறது. ஹால்டரை நீங்கள் எந்தப் பக்கம் சேர்க்கப் போகிறீர்கள் என்பது உங்கள் கையில் இருக்கிறது. ஒரு கையில் சிக்கனோடு பழக்கினால் அது பாடம். சுண்டிச் சுண்டி இழுத்தால் அதுவும் தண்டனைக் கருவிதான்.

எவ்வளவு நாளைக்கு?

ஹால்டரை மாட்டியதும் இழுப்பு குறைந்துவிடும். அங்கேயே பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் கழற்றினால் மறுநாளே பழைய கதை. ஏனென்றால், ஹால்டர் நாயை இழுக்க முடியாமல் செய்கிறது. இழுக்காமல் நடக்க அது கற்றுக்கொடுப்பதில்லை. அந்த வேலை நம்முடையது. நாம் கீழே விழாமல், விரல் உடையாமல், நாயை வேறு யாரிடமும் கொடுத்துவிடாமல், அந்த வேலையைச் செய்வதற்கு ஹால்டர் நமக்கு அவகாசம் தருகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் பல வீடுகளில் இல்லாதது அந்த அவகாசம்தான்.

இழுக்காமல் நடப்பது பழகிய பிறகு, கூட்டம் இல்லாத நேரத்தில் ஐந்து நிமிடம் ஹால்டர் இல்லாமல் ஹார்னெஸில் நடந்து பாருங்கள். சரியாக வந்தால் பத்து நிமிடம். மெதுவாகக் குறையுங்கள். வயதானவர்கள் நடக்கக் கூட்டிப்போகும் வீடு என்றால் கடைசிவரை வைத்திருந்தாலும் தப்பில்லை.

எங்கள் வீட்டில் இப்போது ஐந்து மாதம் ஆகிறது. நானும் தங்கையும் கூட்டிப்போகும்போது ஹார்னெஸ் மட்டும். அம்மா கூட்டிப்போகும்போது ஹால்டரும் சேர்த்து, இரண்டு கயிறு. டிராயரிலிருந்து அதை எடுக்கும் சத்தம் கேட்டால் லட்டு தானாக ஓடி வந்து மூக்கை நீட்டுகிறான். அம்மாவின் மோதிர விரல் இன்னும் முழுசாக மடங்குவதில்லை. காலையில் 6 மணிக்குக் கதவு திறக்கும் சத்தம் மட்டும் மறுபடி கேட்கிறது.

போன வாரம் அதே பூனை, அதே ஆட்டோவுக்கு அடியில். லட்டு நின்று பார்த்தான். அம்மாவும் நின்றார். கயிறு தொய்ந்தது. "வாடா போலாம்" என்றாராம். வந்துவிட்டானாம். வீட்டுக்கு வந்ததும் எங்களிடம் சொல்வதற்கு முன்பே, தோட்டம் வைத்திருப்பவர்களைப் பற்றிச் சொன்ன அந்தச் சொந்தக்காரருக்குத்தான் அம்மா முதலில் போன் போட்டார்.